கொவெலின்யாஸில் நின்ற ரயில்

எங்கள் தெருவில் யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் கடைசியில் என்னிடம்தான் அனுப்பி வைப்பார்கள். "ஒடிலியா அம்மா, பின்யாவ் போகணும், எப்படிப் போனா நல்லது?" எங்கள் போர்ட்டோவிலிருந்து டோரு ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் அந்த ஊருக்குப் போக இன்று வழிக்குப் பஞ்சமில்லை. கார் இருந்தால் மலையைக் குடைந்த சுரங்கப் பாதை வழியாக ஒன்றரை மணி நேரம். பஸ்ஸில் விலா ரெயால் போய் அங்கிருந்து கீழே இறங்கலாம். படகில் போனால் ஒரு பகல் முழுக்க ஆகும், மதியச் சாப்பாடு போடுவார்கள். நான் எல்லோருக்கும் ரயிலைத்தான் சொல்வேன். வலது பக்க ஜன்னலோரம் உட்காரச் சொல்வேன். ஏன் என்று கேட்டால் ஆறு அந்தப் பக்கம்தான் வருகிறது என்பேன். அது பாதிக் காரணம்.

மீதிக் காரணம் என் அக்கா எர்மெலிண்டா.

நாங்கள் இருவரும் பின்யாவுக்கு மேலே மலைச்சரிவில் பிறந்தவர்கள். அப்பா பெலர்மீனோவுக்குச் சரிவில் படிக்கட்டு போல வெட்டிய ஒன்பது படி திராட்சை நிலம். அக்கா கல்யாணம் ஆகி தெற்கே விசேவுக்குப் போனாள். அவள் வீட்டுக்காரர் ரொட்டி சுடுபவர். நாலு வருஷம் கழித்து நான் போர்ட்டோவுக்கு வந்தேன். என் கணவர் அமில்கார் டிராம் ஓட்டினார். நான் ஆற்றுக்கு எதிர்க்கரையில், ஒயின் கிடங்கில் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டினேன். செப்டம்பர் கடைசியில் திராட்சை அறுவடைக்கு மட்டும் இருவரும் தவறாமல் ஊருக்குப் போவோம். நான் போர்ட்டோவிலிருந்து ரயிலில். அவள் விசேவிலிருந்து பஸ்ஸில் லமேகு வழியாக ரேகுவா வந்து, அங்கே வேறு பஸ் மாறுவாள்.

ரேகுவாவில் ரயில் கால்மணி நேரம் நிற்கும். அது கிளம்பும் நேரத்துக்கே அந்தப் பஸ்ஸும் பாலத்தைத் தாண்டித் தென்கரைக்குப் போகும். பிறகு வடகரையில் ரயில், தென்கரையில் பஸ், நடுவே ஆறு. வளைவுக்கு வளைவு ஒன்றையொன்று முந்தும். அக்கா தலையில் கட்டிய மஞ்சள் துணியை அவிழ்த்து பஸ் ஜன்னல் வழியே ஆட்டுவாள். நான் பதிலுக்குக் கைக்குட்டையை ஆட்டுவேன். என் பெட்டியில் இருப்பவர்களும் சேர்ந்து கத்துவார்கள். "அதோ போறா பாரு உங்க அக்கா! முந்திட்டாளே!" என்று டிக்கெட் பரிசோதகர்கூட நின்று பார்ப்பார். வீட்டு வாசலில் அப்பா இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு கிளாஸ் ஒயின் ஊற்றி வைத்திருப்பார். முதலில் வந்தவளுக்கு நிரம்பிய கிளாஸ், அடுத்தவளுக்குப் பாதி.

நிரம்பிய கிளாஸ் எனக்குக் கிடைத்தால், "ரயில்னா சும்மாவா?" என்பேன்.

"நீ வந்தது ரயில்ல இல்லடி, ஆமை முதுகுல. இன்னிக்கு ஏதோ ஆமைக்கு அவசரம்," என்பாள்.

எழுபத்தேழு பிப்ரவரியில் அப்பா இறந்தார். மதியம் மூன்று மணிக்குத் தந்தி வந்தது. மறுநாள் பதினொரு மணிக்கு அடக்கம். பத்து நாளாக விடாத மழை. கீழ்வீட்டு மீன் வியாபாரி அடெலினோ தன் வேனோடு வாசலில் வந்து நின்றார். "இப்பவே கிளம்புவோம்மா. மராவ் மலை ஏறி இறங்கினா ராத்திரிக்குள்ள உங்கம்மா பக்கத்துல இருப்ப."

அன்று அந்த மலைச்சாலை எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். நூற்றுக்கணக்கான வளைவுகள், குழிக்குக் குழி உதறல். நான் மூன்று மாதம் முழுகாமல் இருந்தேன். அதற்கு முன் இரண்டு தடவை தங்கவில்லை. இந்தத் தடவை டாக்டர் படுக்கையை விட்டே அதிகம் எழக்கூடாது என்றிருந்தார். மறுபடியும் கை நழுவிவிடுமோ என்ற பயத்தில் அமில்காரைத் தவிர ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை, அம்மாவிடம்கூட. அடெலினோவிடம் என்ன சொல்வது? "வேண்டாங்க, காலையில முதல் ரயில்ல போயிடறோம். பத்து மணிக்கெல்லாம் இறங்கிடலாம்," என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

முதல் ரயிலில்தான் போனோம். பாதி வழியில், மார்கு ஸ்டேஷன் தாண்டியதும் மலைச்சரிவு இடிந்து தண்டவாளத்தை மூடியிருந்தது. மழையில் மண்வெட்டியோடு ஆட்கள் வந்தார்கள். பதினொன்று அடித்தபோது பெட்டிக்குள் எழுந்து நின்று, தெரிந்த ஜெபங்களை எல்லாம் சொன்னேன். வீடு போய்ச் சேரும்போது விளக்கேற்றிவிட்டார்கள். அடுப்படியில் அக்கா அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வந்துடுச்சா உன் ரயிலு?" என்றாள்.

"அக்கா, வழியில மண் சரிஞ்சு..."

"எனக்கு மட்டும் மழை பெய்யலையா? கிடைச்ச லாரியில ஏறி வந்து நிக்கலையா நான்? வேன் வாசல்ல வந்து நின்னுச்சாமே. மகாராணிக்கு ரயில்தான் வேணுமாம்." எங்கள் ஊர்த் தந்தி அலுவலகத்து ஆள் அடெலினோவின் மச்சான். செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். அடுப்படி நிறைய ஆட்கள். அப்பாவைப் புதைத்த அன்று, இன்னும் நிலைக்காத ஒரு உயிரை எனக்காகச் சாட்சிக்கு இழுக்க மனசு வரவில்லை. வாயை மூடிக்கொண்டேன். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டாள் அக்கா.

ஆகஸ்டில் ஜசிந்தா பிறந்தாள், உருண்டையாக, நல்ல குரலோடு. விசேவிலிருந்து ஒரு வரி வரவில்லை. நானும் எழுதவில்லை. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் அறுவடைக்கு அவள் வரும் நாளை அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, அவள் கிளம்பிய மறுநாள் போனேன். எனக்கு வலது பக்க ஜன்னல் பிடிக்காமல் போனது அப்போதுதான். மலைப்பக்கம் உட்கார்ந்து, அருகே ஓடும் பாறையைப் பார்த்துக்கொண்டே போவேன்.

எழுபத்தொன்பதில் அம்மா கடிதம் எழுதினாள். "உன் அக்கா இந்தத் தடவை இருபதாம் தேதியே வந்து போய்விடுகிறாள். நீ இருபத்தைந்தாம் தேதி வா." அமில்காருக்கு லீவு இல்லை. இரண்டு வயது ஜசிந்தாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினேன். குழந்தைக்கு ஆறு பார்க்க வேண்டும். வேறு வழியில்லாமல் வலது பக்கம் உட்கார்ந்தேன்.

ரேகுவா தாண்டி கொவெலின்யாஸ் என்ற சின்ன நிறுத்தத்தில் ரயில் நின்றது. முந்தின நாள் இடிமழையில் மேலே ஒரு திராட்சைப் படியின் கல்சுவர் சரிந்து தண்டவாளத்தில் விழுந்து கிடக்கிறதாம். மறுபடியும் மண், மறுபடியும் கல். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எல்லோரும் இறங்கி நிழல் பார்த்து உட்கார்ந்தோம். யாரோ சோள ரொட்டியும் வெங்காயமும் பங்கு வைத்தார்கள்.

எதிர்க்கரையில் பஸ் வந்தது. அதன் டிரைவர் ஊர்ச்செய்தி கேட்காமல் நகர மாட்டார் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வண்டியை ஓரங்கட்டி ஹாரன் அடித்து, இறங்கி நின்று இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார்.

"என்னாச்சு? ரயிலுக்கு ஜுரமா?"

"சுவர் விழுந்துடுச்சு! சாயங்காலம் ஆகுமாம்!" என்று இங்கிருந்து பதில் போனது.

"பின்யாவ் போறவங்க இருந்தா அனுப்புங்க! அஞ்சாறு சீட்டு இருக்கு!"

அணை கட்டியபிறகு ஆறு அங்கே ஏரி போலக் கிடக்கும். குரல் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு வரும். திராட்சைத் தோட்டத்துப் படகுக்காரர் ஒருவர் துடுப்பை எடுத்துக்கொண்டு கரைக்கு இறங்கினார். நான் யோசித்துக்கொண்டே நின்றேன். பஸ்ஸிலிருந்து ஆட்கள் வேடிக்கை பார்க்க இறங்கினார்கள். அவர்களில் ஒரு பெண், தண்ணீர் விளிம்பு வரை வந்து, கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு தலையிலிருந்த துணியை உருவி ஆட்டினாள். மஞ்சள் துணி.

"ஏறுறியாம்மா, இல்ல கல்லெல்லாம் அள்ளி முடியிற வரைக்கும் இங்கயே குடித்தனம் நடத்தப் போறியா?" என்றார் படகுக்காரர்.

"ஏறுறேன்," என்றேன்.

ஆற்றின் பாதியில் ஜசிந்தா எதிர்க்கரையைப் பார்த்துத் தானாகவே கையாட்டினாள். பார்ப்பவர்களுக்கெல்லாம் கையாட்டும் வயசு அது.

கரையில் அக்கா முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. குழந்தைக்குக் கை நீட்டினாள். வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, முதுகைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"இவளாலதானே அன்னிக்கு வேன்ல ஏறல?"

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? ஆகஸ்டுல பொறந்துச்சுனு அம்மா எழுதினப்பவே விரல் விட்டு எண்ணிட்டேன். நான் மூணு பெத்தவடி."

"அப்போ ரெண்டு வருஷமா ஏன்க்கா...?"

"எண்ணி முடிச்சதும் கோபப்பட ஒண்ணும் மிச்சமில்ல. பேசினதெல்லாம் பேசியாச்சு. மன்னிச்சுக்கோனு தபால்ல எழுத எனக்குக் கை வரல. எழுதி எழுதிக் கிழிச்சேன்." அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். "நீயாவது சொல்லியிருக்கலாம்ல, கல்லுளிமங்கி!"

"அன்னிக்கு நீ என்னைச் சொல்லவா விட்ட?"

"நான் விட மாட்டேன்தான். நீ கத்தியிருக்கணும். ரயில் ஜன்னல்ல இருந்து இந்த ஆறு அகலத்துக்குக் கத்தத் தெரிஞ்சுதுல்ல!"

டிரைவர் ஹாரன் அடித்தார். "அக்கா தங்கச்சி சண்டையை பஸ்ஸுக்குள்ள வச்சுக்கங்கம்மா. நாங்களும் கேட்போம்ல." பஸ்ஸே சிரித்தது. அக்கா தன் கூடையைத் திறந்து லமேகுவில் வாங்கிய இறைச்சி ரொட்டியை உடைத்து என் கையில் திணித்தாள். அழுதுகொண்டே தின்றேன். வளைவுகளில் வயிறு புரட்டியது. அக்கா என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் அம்மா முகத்தை ஒன்றும் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டு நின்றாள். "அட, ரெண்டு பேரும் சேர்ந்தேவா வந்தீங்க? தேதி மாறிப் போச்சா?"

"உனக்கா தேதி மாறும்?" என்றாள் அக்கா. அவளுக்கும் அதே இருபத்தைந்தாம் தேதியைத்தான் எழுதியிருந்தாள் அம்மா, நான் இருபதாம் தேதியே வந்து போய்விடுவதாக.

மறுநாள் காலை, திராட்சை வெட்டும் கத்திரியைத் தொடும் முன், இருவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். தனித்தனியாகப் பல தடவை போன இடம். அன்று அக்கா அப்பாவின் கல்லருகே உட்கார்ந்து, நான் பார்க்காத அந்த நாளை ஒன்றுவிடாமல் சொன்னாள். பெட்டியைத் தூக்கியது யார் யார், பாதிரியாரின் குடை காற்றில் எப்படித் திருப்பிக்கொண்டது, அப்பாவுக்கு எந்தச் சட்டை போட்டார்கள், அம்மா எந்த இடத்தில் உடைந்தாள் எல்லாம். ஒவ்வொன்றையும் நான் திருப்பிக் கேட்டேன். அவள் சலிக்காமல் மறுபடி சொன்னாள்.

"அப்புறம் என் கோலத்தைச் சொல்லலையே," என்றாள். "நான் வந்த லாரி எதுனு நினைச்ச? எங்க கடைக்கு மாவு கொண்டுவர்ற லாரி. மூட்டை மேல உக்காந்து வந்தேன். தார்ப்பாய் ஒழுகுது. வந்து இறங்கறேன், கறுப்புத் துணி முழுக்க மாவு, அதுமேல மழை. பிசைஞ்சு வச்ச ரொட்டி மாவு நடந்து வர்ற மாதிரி கோயிலுக்குள்ள போறேன். பாதிரியார் என்னைப் பார்த்துட்டு ஜெபத்தை விட்டுட்டார். எங்க விட்டோம்னு தெரியாம ஆரம்பத்துல இருந்து மறுபடி சொன்னாருடி!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுக்கும்தான். ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து குலுங்கினோம். பக்கத்துக் கல்லுக்குப் பூ மாற்ற வந்த ஒரு பெண்மணி முறைத்தார். "இது என்ன இடம்னு தெரியுமா? என்ன சிரிப்பு?"

"எங்கப்பாவோடதான் பேசிட்டிருக்கோம்," என்றாள் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அவர்தான் முதல்ல ஆரம்பிச்சார்."