அரசனின் காதலிக்குக் கண்ணூறு

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் உள்ள தமிழர்களில் மூன்று பேருக்குத்தான் பாமா விஷயத்தை நேரில் சொல்லவில்லை. அந்த மூவரும் கனடாவுக்கு விடுமுறையில் போயிருந்தார்கள். அவர்களுக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

விஷயம் இதுதான்: ஜெர்மன் தொலைக்காட்சிக்காக ஒரு படம் எடுக்கிறார்கள். அந்தக் காலத்துப் பிரெஞ்சு அரசவை. ஒரு குமாஸ்தாவின் மகள் அரசனின் கண்ணில் பட்டு, படிப்படியாக ஏறி, ராணிக்கே தலையிடியாகும் கதை. அதில் பாமாவின் முகம் வரப்போகிறது. கோயிலில் ஐயர் அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்டபோது, நட்சத்திரத்துக்கு முன்னால் இதைத்தான் சொன்னாள்.

பாமாவுக்கு அறுபத்தாறு வயது. மருத்துவமனைச் சலவைப் பகுதியில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். வார இறுதிகளில் கல்யாணப் பெண்களுக்குச் சேலை கட்டி, பூ வைத்து, வெளிக்கிடுத்தி அனுப்புவாள். இதுவரை நானூறு பெண்கள். அவளும் அவளுடைய சிநேகிதி கொறற்றியும் கொம்பார்ஸ் வேலைக்கு, அதாவது கூட்டத்தில் நிற்பதற்கு, எழுதிப் போட்டிருந்தார்கள். அரசவையில் இப்போதெல்லாம் எல்லா நிறத்தவரும் நிற்கலாம் என்று இயக்குநர் பீலிக்ஸ் முடிவு செய்திருந்ததால் இருவரையும் எடுத்துக்கொண்டார்கள்.

படப்பிடிப்பு பான் நகருக்குப் பக்கத்தில் ஒரு பழைய மாளிகையில் நடந்தது. அவர்கள் போன முதல் நாள் பாமாவின் தலையில் ஏற்றிய பொய்முடிக்குள் ஒரு புறாக் குடும்பம் குஞ்சுகளோடு வசதியாகக் குடியிருக்கலாம். பாவாடை கதவுக்குள் நுழையவில்லை. பக்கவாட்டில் நண்டுபோல நுழைந்தாள். அவளை நிறுத்திய இடம் ஒரு தூணுக்குப் பின்னால். நான்கு பேர் கைகோர்த்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத தூண்.

"பாமா, உம்மட தூண் நல்லா நடிக்குது," என்றாள் முன்வரிசையின் ஓரத்தில் நின்ற கொறற்றி.

"சும்மா இருங்கோ அக்கா. முகம் வரேல்லையெண்டா நான் கோயில் பக்கம் தலைகாட்ட ஏலாது."

"அப்ப எங்கட சேர்ச்சுக்கு வாரும். பாதர் ஒண்டும் கேக்கமாட்டார்."

இரண்டாம் நாள் காதலியை அரசவைக்கு அறிமுகப்படுத்தும் காட்சி. அவள் ராணிக்கு மூன்று முறை பணிந்துவிட்டு, முதுகைக் காட்டாமல் பின்னோக்கியே நடந்து வெளியேற வேண்டும். அது அந்தச் சபையின் முறை. காதலியாக நடித்த லாரா என்ற இளம்பெண் இரண்டு தரம் அழகாகப் பணிந்தாள். மூன்றாந்தரம் பணிந்து பின்னால் கால் வைத்தபோது, தோளிலிருந்து தரைவரை தொங்கிய மடிப்புகளைத் தானே மிதித்துவிட்டாள். மடிப்பு முழுவதும் பிரிந்து தரையில் கிடந்தது.

தையல்காரப் பெண்கள் இருவரும் ஊசியோடு ஓடிவந்து, ஒரு மணித்தியாலம் வேண்டும் என்றார்கள். பீலிக்ஸின் முகம் சுண்ணாம்பாகியது.

பாமா தூணை விட்டு வெளியே வந்தாள். "ஏழு நிமிடம் தாருங்கள்," என்று ஜெர்மனில் சொன்னாள். மார்புக்கச்சைக்குள் கையை விட்டு இரண்டு டசின் சேப்டிப் பின்களை எடுத்தாள். அவை இல்லாமல் அவள் பல்வைத்தியரிடம்கூடப் போனதில்லை. சேலைக்குக் கொய்யகம் எடுப்பதுபோல விரல்களுக்கிடையில் துணியை மடித்து மடித்து அடுக்கினாள். பின்கள் இருந்த இடமே தெரியவில்லை. ஆறாவது நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது. மிச்ச ஒரு நிமிடத்தில் மற்றத் தோளையும் திருத்தினாள்.

"எந்த நாடகக் கொம்பனியில் வேலை செய்தீர்கள்?" என்று பீலிக்ஸ் கேட்டார்.

"மருத்துவமனைச் சலவையில்."

அன்றே பாமாவை இரண்டாம் வரிசைக்கு, அரசனுக்கு மூன்று முழத்துக்குள், மாற்றினார்கள். தூணிலிருந்து அரசன்வரை ஒரே நாளில். கதையில் லாராவுக்கே அதற்கு இரண்டு வருடம் பிடித்தது.

ஆனால் லாரா கொட்டாவி விடத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, ஒன்பது. கடைசிக் கொட்டாவிக்குள் அரசனையும் சிம்மாசனத்தையும் சேர்த்து வைக்கலாம்.

"முன்னூறு கண் பிள்ளையைப் பாக்குது. கண்ணூறு பட்டிட்டுது," என்றாள் பாமா. கச்சைக்குள்ளிருந்து மைச்சிமிழ் வந்தது. இடதுகை விரல்கள் இரண்டால் லாராவின் நாடியைப் பிடித்து முகத்தைத் திருப்பி, ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, மோதிர விரலால் வலது கன்னத்தின் கீழே ஒரு கறுத்த பொட்டு வைத்தாள். பிறகு இரண்டு கைகளாலும் அவள் முகத்தை வழித்து, தன் நெற்றியோரம் வைத்துச் சடசடவென்று நெட்டி முறித்தாள்.

கொட்டாவி நின்றது. ஒப்பனைக்காரர் அது இயக்குநரின் யோசனை என்று நினைத்தார். இயக்குநர் அது ஒப்பனைக்காரரின் யோசனை என்று நினைத்தார். அந்தக் காலத்துப் பிரெஞ்சுச் சீமாட்டிகளும் கன்னத்தில் கறுப்புப் பொட்டு ஒட்டியவர்கள்தான் என்பதால் ஒருவரும் கேட்கவில்லை. பின்னேரம்வரை பொட்டோடு படம் எடுத்தார்கள்.

மூன்றாம் நாள் காலை உதவியாளர் ஒருவர் கத்திக்கொண்டு ஓடிவந்தார். சபைக்குப் போகமுன் லாரா உடுத்தும் காட்சியைப் போன கிழமையே எடுத்துவிட்டார்கள். அதில் பொட்டு இல்லை.

"இதை யார் வைத்தது?" என்றார் பீலிக்ஸ்.

பாமா கையைத் தூக்கினாள். திரும்பவும் தூணுக்குப் பின்னால்தான் என்று மனதுக்குள் தீர்மானித்துக்கொண்டாள். பீலிக்ஸ் ஏசவில்லை. மேல்மாடி அறையில் ஒரு பணிப்பெண்ணின் கை பொட்டு வைப்பதாக ஒரு சின்னக் காட்சியைச் சேர்த்துவிடலாம் என்றார். ஒரே ஒரு சிக்கல். இரண்டு மணிக்கு மாளிகையை விட்டுவிட வேண்டும். மேலே ஒரு கமெரா, கீழே ஒரு கமெரா, இரண்டும் ஒரே நேரத்தில். கீழே அரசன் இரண்டாம் வரிசையைக் கடந்து நடப்பார். கமெரா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போகும்.

"கை யாருடையதாகவும் இருக்கலாம். நீங்கள் கீழே நில்லுங்கள்," என்றார் பீலிக்ஸ்.

படியடியில் நின்றால் மேல் அறை தெரிந்தது. பாமா எட்டிப் பார்த்தாள். யாரோ ஒரு பெண் தூரிகையால் பொட்டு வைத்தாள். பாயசத்தில் விழுந்து செத்த இலையான்போல இருந்தது. துடைத்தார்கள். மறுபடி வைத்தார்கள், இந்த முறை காதுக்குக் கிட்ட. கன்னம் சிவந்துவிட்டது. லாரா ஒரு கொட்டாவி விட்டாள்.

"பாமா, வாரும், உம்மட வரிசையைக் கூப்பிடுறாங்கள்," என்றாள் கொறற்றி.

பாமா கீழே பார்த்தாள். கமெரா தயாராக நின்றது. மேலே பார்த்தாள். நானூறு பொம்பிளையளில் ஒருத்தியைக்கூட அவள் அரைகுறையாக மண்டபத்துக்கு அனுப்பியதில்லை.

"அக்கா, என்ர இடத்தில நீங்கள் போய் நில்லுங்கோ."

"உமக்கென்ன விசரே? உம்மட முகம்?"

"அந்தப் பிள்ளை கொட்டாவி விடுது," என்றுவிட்டுப் பாமா பாவாடையை இரண்டு கைகளாலும் அள்ளிக்கொண்டு படியேறினாள்.

எட்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு மத்தியானம், தமிழ்ச் சங்க மண்டபத்தில் பெரிய திரை கட்டினார்கள். ஏற்பாடு பாமாவின் கணவர் கனகலிங்கம். பாமா அவருக்கும் நடந்ததைச் சொல்லியிருக்கவில்லை. இருநூறு பேர் வந்திருந்தார்கள். கொறிக்க எண்ணூறு ரோல்ஸ் வந்திருந்தன.

"இஞ்சேரும், எத்தினையாவது நிமிசத்தில வாறீர்?" என்று அவர் கேட்டார்.

"பாருங்கோவன்," என்றாள். கதிரையோடு நிலத்துக்குள் போய்விட முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தோராவது நிமிடத்தில் லாரா கண்ணாடி முன் இருந்தாள். ஒரு கை வந்தது. நாடியைப் பிடித்துத் திருப்பியது. மோதிர விரல் திரை முழுவதும், ஒரு பனங்குற்றி அளவுக்கு, வந்து பொட்டு வைத்தது. முகம் இல்லை. எல்லோரும் முகத்துக்காகக் கழுத்தை நீட்டினார்கள். அடுத்து, பிரெஞ்சு அரசமாளிகையில், சடசடவென்று நெட்டி முறியும் சத்தம் கேட்டது. பீலிக்ஸ் அதை வெட்டவில்லை.

"ஐயோ, அது பாமா அன்ரியின்ர கை!" போன வருடம் கல்யாணம் முடித்த தக்சாயினி எழும்பிவிட்டாள். "எனக்கும் இப்பிடித்தான் நாடியைப் பிடிச்சுத் திருப்பினவ!"

"எனக்கும்!" என்று இன்னொருத்தி எழும்பினாள். பிறகு இன்னொருத்தி. பதினேழு பெண்கள் எழும்பி நின்றார்கள். அவர்களில் இருவர் இரண்டு தரம் கல்யாணம் செய்தவர்கள், ஆகவே பத்தொன்பது கல்யாணம். எல்லோரும் திரையை மறந்து பாமாவின் கதிரையைச் சூழ்ந்தார்கள். கனகலிங்கம் அவளுடைய மோதிர விரலைத் தூக்கிப் பிடித்துச் சபைக்குக் காட்டினார்.

"எடியே! என்ர முகம்! இப்பதான் வந்திட்டுப் போட்டுது!" கொறற்றியின் சத்தத்தில் ரோல்ஸ் தட்டு அதிர்ந்தது. "ஒருத்தரும் பாக்கேல்லையே? திருப்பிப் போடுங்கோ!"

கனகலிங்கம் திருப்பினார். கொஞ்சம் கூடுதலாகத் திருப்பிவிட்டார். திரையில் மறுபடியும் கை வந்தது, பொட்டு வைத்தது, நெட்டி முறித்தது. மண்டபத்தில் இந்த முறை இருநூறு பேரும் கூடவே முறித்தார்கள்.