நின்ற இடத்திலேயே கெட்ட பேரிங்

மலேசியாவின் காஹாங் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லருக்குத் தண்ணீர் தள்ள இரண்டு பம்புகள் உண்டு. ஒன்று ராப்பகலாக ஓடும். இன்னொன்று அவசரத்துக்கென்று சும்மா நிற்கும். அந்த நிற்கிற பம்ப், ஃபோர்மன் காளியப்பனின் செல்லம். தினமும் துடைப்பார், ஓட்ட மட்டும் விடமாட்டார்.

ஆனால் எப்போதாவது ஓட்டினால் இரண்டே நாளில் கரகரவென்று கத்தும். ஒரே வருடத்தில் மூன்று முறை பேரிங் மாற்றியாயிற்று.

"கள்ளச் சரக்கு லா," என்று காளியப்பன் கடைக்காரனைத் திட்டினார்.

மூன்றாவது பேரிங்கைக் குப்பையில் போட ஃபிட்டர் வாசுகிக்கு மனம் வரவில்லை. மண்ணெண்ணெயில் கழுவி, வளையத்தை அறுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே சின்னச் சின்னப் பள்ளங்கள், எல்லாம் ஒரே இடைவெளியில். பேரிங்கின் இரும்புக் குண்டுகளை அவற்றில் வைத்துப் பார்த்தாள். குழியில் முட்டை மாதிரி ஒவ்வொன்றும் கச்சிதமாக உட்கார்ந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓடித் தேய்ந்திருந்தால் தடம் சுற்றிலும் பரவியிருக்கும். இது நின்றே கெட்டிருக்கிறது.

நேரே காளியப்பனிடம் போனாள். "அண்ணே, ஒரு இருபது காசு குடுங்க."

நிற்கும் பம்பின் அடித்தளத்தில் காசை வைத்தாள். காசு நடுங்கியது, மெல்ல நகர்ந்தது, கீழே விழுந்தது.

"பக்கத்துப் பம்ப் ஓடுற அதிர்வு இதுக்கும் வருதுண்ணே. சுத்தாம நின்னுக்கிட்டே நடுங்குனா, குண்டு ஒரே எடத்துல உரசிக்கிட்டே இருக்கும். நடுவுல கிரீஸும் நிக்காது."

காளியப்பன் முகம் வாடிவிட்டது. "அப்ப நான் பொத்திப் பொத்தி வச்சதுதான் தப்பா?"

"தொடச்சது தப்பில்ல. ஓட்டாம வச்சதுதான்."

மேலாளர் ரூபேந்திரன் ஒப்புக்கொண்டார். புது பேரிங் போட்டு, இரண்டு பம்புகளின் அடியிலும் ரப்பர் தகடு வைத்தார்கள். திங்கட்கிழமைதோறும் பம்பை மாற்றி ஓட்டினார்கள். எது நிற்கிறதோ அதன் தண்டைத் தினமும் கையால் கொஞ்சம் சுற்றி விடும் வேலையைக் காளியப்பனே கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஐந்து மாதம் கழித்து, பழம் குவிகிற சீசனில், ஒரு பம்பின் மோட்டார் கருகிவிட்டது. மற்றது, காளியப்பனின் செல்லம், தனியாக ஒன்பது நாள் ஓடியது. காளியப்பன் வேளைக்கொரு தரம் ஸ்குரூடிரைவரை அதன்மேல் ஊன்றிக் காதை வைத்துக் கேட்டார். எந்தக் கரகரப்பும் இல்லை.

பத்தாம் நாள் காலையில் வாசுகி வருமுன்பே கையில் தாளோடு காத்திருந்தார். ஆலையில் சும்மா நிற்கிற இயந்திரம் அத்தனையின் பெயரும் அதில் இருந்தது.

"வா வாசுகி. அந்தப் பெரிய காத்தாடி ரெண்டு வருஷமா நிக்குது. மொதல்ல அதத் தொறந்து பாப்போம்."

சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தார்.