ஓடினது ஓடினதுதான்

எனக்குச் சட்டென்று கோபம் வரும். விமானிக்கு அது ஆகாது என்று பயிற்சிக் காலத்தில் சொன்னார்கள். வானத்தில் வராது, தரையில் நின்றால்தான் வரும் என்றேன். அந்தப் பதிலையும் கோப்பில் எழுதி வைத்தார்கள்.

என் பெயர் துசியந்தி. போன வருடம் வரை ஒன்பது வருடம் லண்டன் சிற்றி விமான நிலையத்திலிருந்து சின்ன ஜெட் விமானங்களில் துணை விமானியாகப் பறந்தேன். எழுபத்தாறு இருக்கைகள். விமானத்தின் வாலில் ஊரறிந்த ஒரு பெரிய நிறுவனத்தின் சின்னம், என் உடுப்பிலும் அதே நிறம். ஆனால் அப்போது நான் அந்த நிறுவனத்தின் ஆள் இல்லை. அவர்களுக்காகக் குத்தகைக்குப் பறக்கும் ஒரு சிறிய நிறுவனத்தின் ஆள். பயணிகளுக்கு இது தெரியாது. பெரிய நிறுவனத்தின் விமானிகளுக்கு மட்டும் நன்றாகத் தெரியும். 'வாடகை விமானிகள்' என்று எங்களுக்குப் பெயரும் வைத்திருந்தார்கள்.

அவர்களுடைய கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு விமானத் தடத்தைக் குத்தகைக்குக் கொடுத்தால் அவர்களில் ஒருவருக்கு வேலை குறைகிறது. ஆனால் அந்தக் கோபத்தை நிறுவனத்தின் மேல் காட்டாமல் என்மேல் காட்டினால் நான் சும்மா இருப்பேனா?

போன வருடம் குத்தகை முடியும் காலம் வந்தது. எங்கள் தடங்களைப் பெரிய நிறுவனமே எடுத்துக்கொள்ளப் போகிறது என்றார்கள். எங்கள் நூற்று நாற்பது பேருக்கு என்ன வழி? அதற்கு இரண்டு தீர்மானங்கள் இருந்தன. ஒன்று, வெளியாட்களைப் போல விண்ணப்பித்து, எடுபட்டால் கடைசி ஆளாகச் சேர்வது. மற்றது, பறந்த வருடங்களோடு அவர்களுடைய மூப்புப் பட்டியலில் சேர்வது. எங்கள் தொழிலில் மூப்பு வயதைப் பொறுத்ததல்ல, பட்டியலில் இருக்கும் எண்ணைப் பொறுத்தது. எந்த விமானம், எந்த ஊர், எப்போது கப்டன் பதவி, நத்தார் என்கிற கிறிஸ்மஸுக்கு வீட்டில் இருக்கலாமா என்பதெல்லாம் அந்த எண்தான் முடிவு செய்யும். எனக்கு இலையுதிர் காலத்தில் கப்டன் பதவி வரவேண்டியிருந்தது. முதல் தீர்மானம் நிறைவேறினால் என் ஒன்பது வருடமும் போச்சு.

முடிவு அவர்களுடைய விமானிகள் சங்கத்தின் ஒன்பது பேர் குழுவிடம் இருந்தது. முதல் தீர்மானத்தை எழுதியவர் கப்டன் ரங்கராஜன். திருச்சிக்காரர், கண்டிப்பானவர். அவர் சாயும் பக்கம்தான் மற்றவர்களும் சாய்வார்கள் என்று பேச்சு.

இந்த நிலையில் ஒரு வெள்ளிக்கிழமை அப்பா ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போனார். அப்பா கிருஷ்ணராசா முப்பது வருடம் லண்டனில் பஸ் சாரதியாக இருந்து ஓய்வு பெற்றவர். மதியம் நோர்பரி வீட்டுக்குத் திரும்பி, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னார்.

"பிள்ளை, உன்ரை அலுவல் முடிஞ்சுது. கோயிலிலை ரங்கராஜனைக் கண்டு கதைச்சிட்டன்."

"ஐயோ அப்பா! என்ன கதைச்சனீங்கள்?"

"உள்ளதைத்தான். என்ரை மகள் உங்கடை கொம்பனிக்கு ஒன்பது வருசமா ஓடுறாள், உங்கடை உடுப்போடை ஓடுறாள் எண்டு சொன்னன். எங்கையெல்லாம் ஓடுறவ எண்டு கேட்டார். சூரிச், பிராங்பேட், எடின்பரோ எல்லாம் ஓடுவாள், காலமை போய்ப் பின்னேரம் வந்திடுவாள் எண்டன். மனுசன் அப்பிடியே அசந்து போனார்."

"இதிலை அசர என்ன இருக்கு?"

"கேளன். நான் ஓடின பஸ் றூட் மூண்டு தரம் கொம்பனி மாறினது. பஸ் எல்லாம் ஒரே சிவப்பு, உள்ளுக்கை கொம்பனி வேறை. ஆனா மூண்டு தரமும் என்ரை வருசங்களும் என்னோடை வந்தது எல்லே? அதை நினைச்சுத்தான் கேட்டன், றூட் மாறினால் ஓடின வருசம் இல்லாமல் போயிடுமோ எண்டு. அதுக்கு அவர் என்ன சொன்னவர் தெரியுமோ?" அப்பா கையை உயர்த்தி இந்தியத் தமிழுக்கு மாறினார். "'ரூட் மாறினா என்ன சார், ஓடினது ஓடினதுதான்! நம்ம சட்டையைப் போட்டு ஓடின பொண்ணு நம்ம பொண்ணு. பேரைக் கொடுங்க, நானே டீம்ல சேர்த்துவிடறேன்.' உன்ரை பேரையும் போன் நம்பரையும் எழுதி வாங்கினவர்."

தீர்மானத்தை எழுதிய மனிதரே இப்படிச் சொன்னாரா? என்னால் நம்ப முடியவில்லை. ஆனால் அப்பா பொய் சொல்லமாட்டார். அன்று நோர்பரியில் எங்களுக்குத் தெரிந்த வீடுகளில் செய்தி போய்ச் சேராத வீடே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை, ஹீத்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் கூட்டம். எங்கள் சார்பில் ஐந்து நிமிடம் பேச என்னை அனுப்பியிருந்தார்கள். இரவு பகலாகத் தயாரித்த பேச்சின் கடைசியில், நன்றி சொல்லும் நல்ல எண்ணத்தோடு ஆங்கிலத்தில் சொன்னேன்: "கப்டன் ரங்கராஜனே என் அப்பாவிடம் சொன்னார். தடம் மாறினால் என்ன, ஓடினது ஓடினதுதான் என்றார்."

எட்டுத் தலைகள் ரங்கராஜன் பக்கம் திரும்பின. அவர் மெதுவாக எழுந்தார்.

"ஏம்மா," என்றார் தமிழில், "நீங்க நார்பரி கிருஷ்ணராசா பொண்ணா?"

"ஓம், சேர்."

"அந்த மாரத்தான் ஓடுற பொண்ணு?"

"மரதனோ? நான் பஸ் பிடிக்கக்கூட ஓடுறேல்லை, சேர்."

அவர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. எங்கள் தமிழில் நாங்கள் காரும் ஓடுவோம், பஸ்ஸும் ஓடுவோம், விமானமும் ஓடுவோம். அவருடைய இந்தியத் தமிழில் அதையெல்லாம் ஓட்டுவார்கள், காலால் மட்டும்தான் ஓடுவார்கள். போதாக்குறைக்கு, நிறுவனத்தின் மரதன் குழுவுக்கு அந்த மனிதர்தான் பொறுப்பாம். சூரிச், பிராங்பேட், எடின்பரோ மூன்று ஊரிலும் மரதன் நடக்கிறதாம். காலையில் போய் ஓடிவிட்டு மாலையே வீடு திரும்பும் ஒரு பெண்ணை அவர் நான்கு நாளாக வியந்துகொண்டிருந்திருக்கிறார்!

என்ன நடக்கிறது என்று குழுத் தலைவர் கேட்டார். ஒரு 'ட்' செய்த வேலையை நான் ஆங்கிலத்தில் விளக்கினேன். மண்டபமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பத்து நிமிடம் தேநீர் இடைவேளை விட்டார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நூற்று நாற்பது பேரின் பிழைப்பை ஒரு பகிடியாக்கிவிட்டு வந்து நிற்கிறேனே என்று அழுகைதான் வந்தது.

ரங்கராஜன் தேநீரோடு என் பக்கத்தில் வந்து நின்றார். "நான் உங்களுக்கு எதிரி இல்லம்மா. நம்ம ரூட்டை இப்படிப் பிச்சுப் பிச்சு வெளியில கொடுத்துட்டே போனா, நாளைக்கு நிலையான பைலட் வேலைன்னு ஒண்ணு மிஞ்சாது. அதைத்தான் நான் எதிர்க்கிறேன்."

தரையில் நின்றேன் அல்லவா, கோபம் வந்துவிட்டது. "அதைத்தான் நாங்களும் சொல்லுறம், சேர்! வெளியிலை ஆள் இருக்கும் வரைக்கும் வெளியிலை குடுப்பினம். எங்களை உள்ளுக்கை எடுங்கோ. பிறகு ஆரிட்டைக் குடுக்கிறது? கடைசியிலை நிக்க வைச்சியள் எண்டால், எங்கடை பெடியள் இன்னொரு குத்தகைக் கொம்பனிக்குத்தான் போவாங்கள். அவங்களைக் கொண்டே அந்தக் கொம்பனி உங்கடை அடுத்த றூட்டையும் எடுக்கும்."

அவர் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி யோசித்தார். அது உடைந்து உள்ளே விழுந்ததையும் அவர் கவனிக்கவில்லை.

கூட்டம் மறுபடி தொடங்கியதும் முதல் ஆளாக எழுந்தார். "ஓடுகிற பெண் என்று நினைத்தபோது, இவள் நம் பெண் என்று கோயிலில் வைத்து யோசிக்காமல் சொன்னேன். நம் உடுப்போடு ஒன்பது வருடம் நம் பயணிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் என்று தெரிந்த பிறகு, வெளியாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் தீர்மானத்தைத் திரும்பப் பெறுகிறேன். வருடங்களோடு உள்ளே எடுப்போம். இனி வெளியில் கொடுக்க யாரும் மிஞ்சக் கூடாது."

வாக்கெடுப்பில் எங்கள் பக்கம் ஏழுக்கு இரண்டு. நான் வாசலுக்கு ஓடிப்போய் அப்பாவுக்குப் போன் எடுத்தேன். அழுகையும் சிரிப்புமாகச் சொல்லி முடித்ததும் அவர் சாவகாசமாகக் கேட்டார், "நான்தான் வெள்ளிக்கிழமையே சொன்னனான் எல்லே?"

அடுத்த மாதம் ஒரே நாளில் இரண்டு மின்னஞ்சல்கள் வந்தன. முதலாவது மூப்புப் பட்டியல். என் ஒன்பது வருடமும் அப்படியே இருந்தது. இரண்டாவது, ஏப்ரல் மாத லண்டன் மரதனுக்கு நிறுவனக் குழுவில் என் பெயர் பதிவாகியிருப்பதாக வந்த அறிவிப்பு. கீழே ரங்கராஜன் ஒரு வரி எழுதியிருந்தார்: 'உங்க அப்பாகிட்ட வாக்குக் கொடுத்துட்டேன்மா.'

மறுக்க மனம் வரவில்லை. சப்பாத்து வாங்கினேன். ஆறு மாதம் நோர்பரிப் பூங்காவைச் சுற்றிச் சுற்றி ஓடினேன்.

ஏப்ரலில், மரதன் பாதையில் கனறி வோர்ஃப் பக்கம் வந்தபோது எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. வரவேண்டிய கப்டன் பதவி வந்து, தோளில் நான்கு பட்டியோடு விமானம் செலுத்தும் நான், அன்று கால்களை இழுத்து இழுத்து நடந்தேன். அப்போது தெருவோரத்தில் அப்பாவின் குரல் கேட்டது. பக்கத்தில் ரங்கராஜனும் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். அப்பா கொடியை ஆட்டி ஆட்டி, அருகில் நின்ற யாரோ ஒரு தமிழ்க் குடும்பத்திடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தா வாறாள், என்ரை மகள்! பிளேனும் ஓடுவாள்!"

"இண்டைக்கு?" என்று அந்தக் குடும்பத்து அம்மா கேட்டார்.

அப்பா என் கால்களைப் பார்த்தார். ரங்கராஜனையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இண்டைக்கு இவரின்ரை தமிழிலை ஓடுறாள்," என்றார்.

சிரித்துக்கொண்டே மறுபடி ஓடத் தொடங்கினேன்.