கதவடி நாய்கள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும் என்று என் கணவன் மலாக்கி ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறான். பொய்யில்லை. ஆனால் அந்தக் கோடையில் எனக்கு வந்த கோபம் முழுக்க என் சொந்த வாயின் மேல்தான்.

எங்கள் ராஸ்காமன் மாவட்டத்தில் யாராவது பாராட்டினால் உடனே மறுத்துவிட வேண்டும். "கோட்டு நல்லாருக்கே" என்றால், "அட இதுவா, பழசு, உள்ள கிழிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட வேண்டும். "நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றால் போச்சு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வருவதற்குள், அவளுக்கு என்ன திமிர் பார் என்று ஊர் பேசி முடித்திருக்கும். இந்தப் பாடத்தைத் தாய்ப்பாலோடு குடித்தவள் கடை போட்டால் என்ன ஆகும்? அதுதான் எனக்கு ஆயிற்று.

பதினோரு வருடம் நான் ஒரு திரைச்சீலைப் பட்டறையில் தைத்தேன். மலாக்கி சுவருக்குப் பூச்சு வேலை செய்பவன். புது வீடுகள் காளான் போல முளைத்த காலத்தில் அவன் சுவரைப் பூசினான், நான் ஜன்னலை மூடினேன், இரண்டு பேருக்கும் மூச்சுவிட நேரமில்லை. பிறகு 2008-இல் வங்கிகள் கவிழ்ந்தன. பாதி கட்டின வீடுகள் கூரையில்லாமல் நின்றன. முதலில் அவன் வேலை போயிற்று, அடுத்து பட்டறையைப் பூட்டினார்கள். கடைசி நாள் முதலாளி என் முகத்தைப் பார்க்காமல், "துண்டுத் துணியெல்லாம் வேணும்னா எடுத்துட்டுப் போ, அட்ராக்டா" என்றார். வெட்கமே படாமல் பன்னிரண்டு மூட்டை எடுத்துவந்தேன்.

அந்தக் குளிர்காலம் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்த் தொட்டியில் பாதிதான் நிரப்ப முடிந்தது. சமையலறைக் கதவுக்கு அடியில் வரும் காற்று கணுக்காலைக் கடித்தது. ஆத்திரத்தில் ஒரு சாயங்காலம் கதவு அகலத்துக்கு நீளமாக ஒரு பை தைத்து, பக்கத்துப் பண்ணையில் விலை போகாமல் கிடந்த ஆட்டு ரோமத்தைத் திணித்து, கதவடியில் போட்டேன். காற்று நின்றது. வெறும் பையாகக் கிடக்கிறதே என்று இரண்டு காதும் மூக்கும் வைத்தேன். குட்டைக் கால் நாய் ஒன்று நீட்டிப் படுத்துத் தூங்குவதுபோல் ஆகிவிட்டது. பார்த்தவர்கள் எல்லாரும் எனக்கொன்று என்றார்கள். கதவடி நாய் என்று பெயர் வைத்தேன். இரண்டாவது வருடம் துணிந்து, சுற்றுவட்டாரக் கோடைக் கண்காட்சிகளில் ஒரு மேசை பிடித்தேன்.

அதற்குள் மலாக்கிக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. பெர்த்தில் இருக்கும் அவன் சித்தப்பா மகன், பூச்சுக்காரர்களுக்கு அங்கே அடிபிடி என்றான். அக்டோபர் முதல் தேதிக்கு டிக்கெட். ஒரே ஒரு வருடம் என்றான். என் அண்ணனும் பாஸ்டனுக்கு ஒரே ஒரு வருடம் என்றுதான் போனான். போய் இருபது வருடம் ஆகிறது.

"நான் வீட்டுல சும்மா உக்காந்து செவுத்தைப் பாத்துட்டு இருக்க முடியாது" என்றான் மலாக்கி. "உன் நாய் வேலை ரெண்டு பேருக்குக் காணும்னா சொல்லு, போகல. ஒருத்தருக்குத்தான்னா நான் கிளம்பறேன். கோவிச்சுக்காத."

நியாயமான பேச்சு. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது.

முதல் கண்காட்சி ஜூலையில், கில்ப்ரோனில். ஒரு பக்கம் மாடுகளுக்குப் பரிசு, இன்னொரு பக்கம் கேக்குகளுக்குப் பரிசு, நடுவே கைவேலைக் கூடாரம். ஒரு அம்மாள் வந்து பச்சைக் கட்டம் போட்ட நாயை எடுத்து மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு அழகா இருக்கு" என்றாள்.

"அட, நீங்க வேற. பழைய திரைச்சீலைத் துணிங்க. காதுகூட ஒண்ணு கோணல்."

அந்த அம்மாள் காதைப் பார்த்தாள். அது கோணலே இல்லை. ஆனால் தைத்தவளே சொன்ன பிறகு அவள் என்ன செய்வாள்? மெல்லக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு அப்படி ஒன்பது பேர். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் ஒரே நாளில் ஒன்பது முறை கெட்டேன்.

இரண்டாவது கண்காட்சியில் என் பக்கத்து மேசை ஃபீலிம் என்பவருடையது. அறுபது வயதிருக்கும். கூரைத் தச்சராக இருந்து, போட்டுக்கொடுக்கக் கூரை இல்லாமல் போனதும் மரக் கிண்ணம் கடைய ஆரம்பித்தவர். கிண்ணங்களைப் பார்த்தால் கையில் எடுக்காமல் இருக்க முடியாது, அவ்வளவு வழவழப்பு. ஒரு இளம் ஜோடி எடுத்துத் தடவித் தடவிப் பார்த்தது.

"அது சும்மா ஒரு மரக்கட்டைங்க" என்றார் ஃபீலிம். "அடியில பாருங்க, ஒரு முடிச்சு வேற இருக்கு."

ஜோடி கிண்ணத்தை வைத்துவிட்டு நகர்ந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களுக்கென்ன பைத்தியமா? பையில கை விட்டுட்டாங்க அவங்க. வாங்க இருந்தவங்களை இப்படியா விரட்டுவீங்க?"

அவர் அசரவில்லை. "உங்ககிட்ட மட்டும் என்ன வாழுதாம்? காலையிலேர்ந்து கோணக் காது, கோணக் காதுன்னு நாலு தடவை கேட்டுட்டேன். எந்தக் காதுன்னு நானும் தேடறேன், கிடைக்க மாட்டேங்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேநீர் வாங்கி வருகிறேன், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன். வரிசை நீளம். திரும்பி வரும்போது என் மேசை முன்னால் கூட்டம். ஃபீலிமின் குரல் கூடாரத்துக்கு வெளியே கேட்டது.

"தையலைப் பாருங்கம்மா. பதினோரு வருஷம் பட்டறையில தைச்ச கை. இழுத்துப் பாருங்க, பிரியட்டும் பாக்கலாம். எங்க வீட்டுக் கதவுல ஒண்ணு போட்டேன், அன்னிக்கே என் பொண்டாட்டி கம்பளிச் சட்டையைக் கழட்டி வெச்சுட்டா."

அவர் வீட்டில் என் நாய் ஒன்றும் கிடையாது. அவருக்குப் பெண்டாட்டியும் கிடையாது. ஆனால் நான் இரண்டு கையிலும் தேநீரோடு நின்று பார்க்கப் பார்க்க ஐந்து நாய்கள் போயின.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சொந்தச் சரக்கைப் புகழ்ந்தால்தானே திமிர்? அடுத்த வீட்டுக்காரர் சரக்கைப் புகழ்ந்தால் எங்கள் ஊரில் அதற்குப் பெயர் நல்ல மனசு. அதற்கு எல்லையே கிடையாது. நான் தேநீரைக் கீழே வைத்துவிட்டு நேராக ஃபீலிமின் மேசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"இந்த முடிச்சு இருக்கு பாருங்க" என்றேன் வந்தவரிடம், "இது மரத்தோட கையெழுத்து. இப்படி ஒண்ணு வேற கிண்ணத்துல இருக்கவே இருக்காது. உங்க பேரப்பிள்ளைங்க இதுல சாப்பிடுவாங்க."

அவர் இரண்டு வாங்கினார். ஃபீலிம் அங்கிருந்து என்னைப் பார்த்த பார்வையில் பாதி நன்றி, பாதி வெட்கம்.

அதன் பிறகு நாங்கள் மேசையை மாற்றிக்கொண்டோம். அவர் நாய் விற்றார், நான் கிண்ணம் விற்றேன். ஆகஸ்டு மாதம் முழுக்க எந்தக் கண்காட்சியிலும் மூன்று மணிக்கு மேல் எங்களிடம் சரக்கு நின்றதில்லை. நான் வாரமெல்லாம் விரல் வீங்கத் தைத்தேன். மலாக்கி சந்தோஷப்பட்டான்தான். ஆனாலும் விடவில்லை.

"செப்டம்பர் தாண்டினா எந்தக் கண்காட்சி இருக்கு, அட்ராக்டா? குளிர்காலத்துல மாட்டுக்கா விப்ப?"

 செப்டம்பர் நடுவில் ஃபீலிம்தான் அதற்குப் பதிலோடு வந்தார். கால்வே பக்கம் மூன்று இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஹெஷன் என்ற அம்மாள் தன் தங்கை வீட்டில் என் நாயைப் பார்த்திருக்கிறாள். வருடத்தின் கடைசிக் கண்காட்சிக்கு நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாளாம். "அவகிட்ட நான் பேசிக்கறேன். நீங்க வாயைத் திறக்காம கிண்ணத்தை மட்டும் பாருங்க" என்றார் ஃபீலிம். எனக்கு அன்றைக்கு நல்ல தூக்கம் வந்தது.

கடைசிக் கண்காட்சிக்கு முதல் நாள் ஃபீலிமின் மாமா செத்துப்போனார். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் போகாமல் இருக்கலாம், சாவுக்குப் போகாமல் இருக்க முடியாது. "மன்னிச்சுக்குங்கம்மா" என்று போனில் சொன்னார். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும். உங்களுக்கும் வாய் இருக்கு. எங்களையெல்லாம் திட்டறதுக்கு மட்டும் அதைத் திறக்காதீங்க."

மலாக்கி மூட்டை தூக்க வந்தான். அவன் புறப்பட இன்னும் பத்து நாள். நல்ல காற்று, மழை, கூடாரத்துத் துணி படபடவென்று அடித்துக்கொண்டது. பதினொரு மணிக்கு மெழுகு பூசிய மழைக்கோட்டு போட்ட ஒரு அம்மாள் வந்து நின்றாள். சிரிக்கவில்லை. ஒரு நாயை எடுத்தாள், தையலை நகத்தால் கீறினாள், காதைப் பிடித்து இழுத்தாள், வயிற்றை அமுக்கினாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் ஹெஷன் அம்மாள்.

நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அட இதுவா, பழைய துணிதானே. பல்லைக் கடித்து அதை விழுங்கினேன். ஆனால் எனக்குப் பக்கத்தில் இன்னொரு வாய் இருந்ததே.

"அட, அவ ஏதோ பொழுதுபோக்குக்குப் பண்றதுங்க" என்றான் மலாக்கி.

கெட்ட எண்ணமில்லை. கட்டின பெண்டாட்டியின் சரக்கைத் தாழ்த்திப் பேசுவது எங்கள் ஊரில் ஆண்பிள்ளை மரியாதை. அவன் அப்பா தன் மனைவி சுட்ட ரொட்டியை நாற்பது வருடம் செங்கல் என்று சொல்லித்தான் மூன்று துண்டு சாப்பிட்டார். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கணம் ஹெஷன் அம்மாளின் கை நாயைக் கீழே வைக்கப் போனது. அவனே தன் வாயால் தன்னை பெர்த்துக்கு அனுப்பிக்கொள்வது என் கண் முன்னால் நடந்தது. கோபம் என் உச்சந்தலைக்கு ஏறிற்று. ஏறினது நல்லதாகப் போயிற்று.

"பொழுதுபோக்கு இல்ல" என்றேன். "என் புருஷனுக்கு ஒண்ணும் தெரியாது. இது நல்ல சாமான். இந்த நாட்டுலயே இதைவிட நல்லா யாரும் இதைத் தைக்க மாட்டாங்க."

 எதிர் மேசையில் ஜாம் விற்கிறவள் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

"கால்ல காத்து அடிக்குதாம்மா உங்களுக்கு?" என்றேன் ஹெஷன் அம்மாளிடம்.

"அடிக்காம? உள்ள வந்ததுலேர்ந்து உறையுது."

மேசையிலிருந்து நாலு நாயை எடுத்து, அவள் நின்ற இடத்துக்குப் பின்னால் கூடாரத் துணி தரையில் படாமல் ஆடிக்கொண்டிருந்த இடத்தில் வரிசையாகப் போட்டு, காலால் அழுத்தினேன். படபடப்பு நின்றது.

"இப்ப?"

அவள் ஒரு காலைத் தூக்கி வைத்துப் பார்த்தாள். குனிந்து கையை நீட்டிப் பார்த்தாள். முதல் தடவையாக அவள் உதடு கொஞ்சம் நகர்ந்தது.

"மூணு கடைக்கும் வேணும். நவம்பருக்குள்ள முந்நூறு. அப்புறம் மார்ச் வரைக்கும் மாசம் நூறு. கதவு அளவு மூணு விதமா வேணும். ஒருத்தி தைச்சு முடிக்கிற வேலையில்ல, சொல்லிட்டேன்."

"ஒருத்தி இல்ல" என்றேன். "நாங்க ரெண்டு பேர். நான் தைப்பேன். இவரு வெட்டி, திணிச்சு, வாயைத் தைச்சு மூடுவாரு."

ஹெஷன் அம்மாள் மலாக்கியை மேலும் கீழும் பார்த்தாள். "இவருக்குக் கை வேலை வருமா?"

"நானா?" என்றான் மலாக்கி. "நான் சும்மா ஒரு பூச்சுக்..."

"இவரு பூசின செவுத்துல கன்னத்தை வெச்சுப் பாருங்க, ஒரு சொரசொரப்பு இருக்காது" என்றேன். "இந்த மாவட்டத்துல இவரு மாதிரி கை வேற யாருக்கும் கிடையாது. இருபது வருஷமா பாக்கறேன், எனக்குத் தெரியும்."

இதை நான் ஒருநாளும் அவனிடம் சொன்னதில்லை. அவன் முகம் காது வரை சிவந்தது. மறுப்பதற்கு வாயைத் திறந்தான். என்னைப் பார்த்தான், மூடிக்கொண்டான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஹெஷன் அம்மாளைப் பார்த்தான்.

"வரும்" என்றான். "எனக்குக் கை வேலை நல்லா வரும்."