பத்துக்கு எட்டில் ஒரு நுரையீரல்

கருணாகரன் மூச்சு விடும் அழகைப் பார்ப்பதற்கென்றே தினமும் காலை ஆறு மணிக்கு ஐம்பது பேர் டவுன்ஷிப் பூங்காவுக்கு வருகிறார்கள் என்று கருணாகரன் நம்பினார். நிலக்கரிச் சுரங்கத்தில் துணைத் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்று, டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, வடலூரில் வீடு கட்டிக் குடிபோய் ஏழு வருடம் ஆகிறது. ஆனாலும் பொழுது விடிந்தால் காரை எடுத்துக்கொண்டு டவுன்ஷிப்புக்குள் நுழைந்துவிடுவார். 'சுவாச சங்கமம்' என்று தாமே பெயர் வைத்த கூட்டத்துக்கு மூச்சு விடுவது எப்படி என்று சொல்லித்தருவார். அதுவரைக்கும் அவர்களெல்லாம் எப்படி உயிரோடு இருந்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

வகுப்பின் சிகரம் கடைசி ஒரு நிமிடம். எல்லாரும் கண்ணை மூடி மூச்சை அடக்க வேண்டும். செயலாளர் சக்கரபாணி அறுபதுவரை எண்ணுவார். எண்ணுகிற சலுகையில் அவருக்கு மட்டும் மூச்சுக்கு அனுமதி உண்டு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கருணாகரனுக்கு 'மூச்சுச் செம்மல்' பட்டம். மேடையிலேயே அந்த ஒரு நிமிடத்தை அடக்கிக் காட்டியாக வேண்டும். பத்திரிகை அடித்தாகிவிட்டது. சிக்கல் என்னவென்றால், மாடிப்படியின் ஏழாவது படியிலேயே செம்மலுக்கு இரைத்தது. அதைப் பார்த்த ஒரே ஆள் அவர் மனைவி சந்திரகலா. புதுச்சேரிப் பக்கம் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அவரை இழுத்துக்கொண்டு போனாள். சான்றிதழ் மாதிரி ஏதாவது கிடைக்கும் என்று அவரும் போனார்.

ஸ்கேன் அறையில் இருந்த பெண்ணின் பெயர் கிருஷ்ணப்ரியா. சுரங்கத்தை ஒட்டிய மந்தாரக்குப்பத்துக்காரி. அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி.

"செனான்னு ஒரு வாயுங்க சார். கொஞ்சூண்டு கதிர்வீச்சு இருக்கும், வாசனை கெடையாது. நீங்க இழுத்தீங்கன்னா அது நுரையீரல்ல எங்கெங்க போவுதுன்னு முதுகுக்குப் பின்னால இருக்கற கேமரா படம் புடிக்கும். அப்புறம் வெறும் காத்து குடுப்போம். உள்ள போனது எவ்ளோ சீக்கிரம் வெளிய வருதுன்னு பாப்போம்."

"நான் வெளியே விடறது எங்கம்மா போகும்?"

"அதோ அந்தப் பொட்டிக்குள்ளங்க. உள்ள கரி இருக்கு, அது புடிச்சி வெச்சிக்கும்."

கருணாகரனுக்கு மனம் குளிர்ந்தது. முப்பத்தைந்து வருடம் கரி எடுத்தவரின் மூச்சைக் கடைசியில் கரியே வாங்கி வைத்துக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஏற்புரையில் சேர்க்க வேண்டும்.

"நானே மூச்சுப் பயிற்சி ஆசிரியர்தான்மா."

"அப்டிங்களா சார்? இழுத்து ஒரு பதினஞ்சு செகண்டு புடிச்சுக்கங்க."

"அறுபது வேண்டாமா?"

"பதினஞ்சே போதுங்க சார்."

முகமூடி மூக்கையும் வாயையும் கவ்வியது. இழுத்தார். ஒன்பதாவது விநாடியில் இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது.

"பரவால்ல சார். சாதாரணமா வுட்டுக்கினே இருங்க."

சாதாரணமாக என்றால் எப்படி? இடது நாசியா, வலது நாசியா, நாலு எண்ணி இழுத்து எட்டு எண்ணி விடுவதா? அவருக்குத் தெரியவில்லை.

"தூங்கும்போது விடுவீங்கல்ல சார், அந்த மாதிரி."

கதவோரம் நின்ற சந்திரகலா சொன்னாள்: "தூக்கத்திலயும் அவர் கிளாஸ்தாம்மா எடுப்பார். நாலு வீட்டுக்குக் கேக்கும்."

பதில் சொல்ல முகமூடி விடவில்லை. கண்ணை மூடினார். குளிர்சாதனத்தின் ஓசை எங்கோ தூரத்தில் கன்வேயர் பெல்ட் ஓடுவதுபோலக் கேட்டது. கேட்கக் கேட்க, தமக்குள்ளேயே ஒரு டவுன்ஷிப் விரிவதைக் கண்டார். அளந்து போட்ட சாலைகள், இரண்டு பக்கமும் மரங்கள், வரிசையாக பிளாக்குகள். செனான், அன்றைக்குத்தான் வேலையில் சேர்ந்த இளைஞர்கள்போல ஆர்டரைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தது. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியது. கதவுகள் திறந்தன, விளக்குகள் எரிந்தன. அப்படியொரு வெளிச்சத்தில் அந்த ஊரை அவர் பார்த்ததே இல்லை.

பிறகு சங்கு ஊதியது. ஷிப்ட் முடிந்தது. ஒவ்வொரு பிளாக்காக விளக்கை அணைத்துவிட்டு எல்லாரும் அமைதியாக வெளியேறினார்கள். இடது பக்கம், அடியில், ஒரே ஒரு குவார்ட்டர்ஸில் மட்டும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. யாரய்யா அது, காலி பண்ணாமல்? பக்கத்தில் போய்ப் பெயர்ப்பலகையைப் படித்தார். 'துணைத் தலைமைப் பொறியாளர்' என்று போட்டிருந்தது.

"முடிஞ்சுதுங்க சார்" என்றாள் கிருஷ்ணப்ரியா.

டாக்டர் விஜயராஜ் கடைசிப் படத்தைக் காட்டினார். முழுக்க இருட்டு. இடது அடியில் ஒரு பிரகாசம்.

"காத்து உள்ள போறதுல பிரச்சினை இல்லைங்க. அந்த எடத்துல போனது நாலு நிமிஷம் ஆகியும் வெளிய வர மாட்டேங்குது. மருந்து தரேன். மூச்ச அடக்கறதெல்லாம் இன்னையோட நிறுத்திடுங்க. மயங்கி விழுந்துடுவீங்க."

திரும்பும் வழியில் சந்திரகலா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அப்ப ஞாயித்துக்கிழமை?"

"பத்திரிகை அடிச்சாச்சே, கலா."

அன்று மாலையே சக்கரபாணிக்கு அந்தப் படத்தை அனுப்பினார். கீழே எழுதினார்: 'மற்ற இடங்களில் காற்று வெளியேறிய பின்பும் என் இடது நுரையீரல் நான்கு நிமிடம் தானாகவே அடக்கி வைத்திருந்தது.' ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

சக்கரபாணி சும்மா இருக்கிற ஆளா? ஞாயிறு காலை பூங்காவில் பத்துக்கு எட்டு அளவில் பிளெக்ஸ் நின்றது. கறுப்பு ஆகாயம்போல ஒரு நுரையீரல், அடியில் ஒற்றை நட்சத்திரம், மேலே 'அறிவியலே வியந்த மூச்சு'. காற்றில் கிழியாமல் இருக்கப் பிளெக்ஸ் கட்டியவர் அங்கங்கே அரைநிலா வடிவத்தில் வெட்டிவிட்டிருந்தார். காற்று அடித்தபோதெல்லாம் படம் புடைத்து, வெட்டுகளின் வழியே மெல்ல அடங்கியது. உள்ளே வந்தது வெளியே போக வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. மேடையில் நின்று கருணாகரன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்வரிசையில் சந்திரகலா தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் மட்டும் கண்ணை மூடவில்லை.

"ஒன்று" என்றார் சக்கரபாணி, கண்ணை மூடி.

ஐந்தில் நெஞ்சு இறுகியது. எட்டில் பூங்கா லேசாக மிதந்தது. மரங்கள் நீலமாயின, எங்கோ சங்கு ஊதியது. இடது அடியில் அந்த விளக்கு இன்னும் எரிந்தது. பதினொன்றில் கருணாகரன் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார். "போதும்யா, கிளம்பு."

விட்டார். ஒலிபெருக்கி வழியாக அந்த மூச்சு பெரிய பெருமூச்சாகப் பூங்கா முழுக்கப் பரவியது. இருமினார். பிறகு மைக்கில் சொன்னார்: "என்னால முடியலைங்க. இதுக்கு மேல முடியாது. அந்தப் படத்துல இருக்கறது வியாதி."

இரண்டாவது வரிசையில் செங்கமலம் சத்தமாகச் சொன்னாள்: "அப்பாடா! நான் நாலுலயே வுட்டுட்டங்க சார்."

"நாலா? ஆறு வருசமா நான் புடிச்சதே இல்லயே" என்றார் பக்கத்திலிருந்த வேணு. "நீங்க பாத்துடப் போறீங்கன்னு மூக்கால திருடிக்கினு இருந்தன்."

சிரிப்போடு சேர்ந்து ஐம்பது பேரின் மூச்சும் வெளியே வந்தது. மரக்கிளைகள் அசைந்ததுபோல இருந்தது. சந்திரகலா பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்டினாள்.

"குடிங்க. சாதாரணமா குடிங்க."

கருணாகரன் குடித்தார். மூச்சு எந்த நாசியில் போகிறது என்று பார்க்க மறந்துபோனார். சக்கரபாணி மட்டும் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

"முப்பத்தேழு" என்றார் கம்பீரமாக. "முப்பத்தெட்டு..."