செகண்டுக்கு இருபத்தைந்து

"நான் சொல்லுததை முழுசாக் கேளுங்க, அதுல வந்து..."

"வெள்ளிக்கிழமையிலேர்ந்து இதையேதான கேட்டுக்கிட்டிருக்கேன்..."

"இருபத்தஞ்சுன்னு போட்டிருக்கீங்க. அது சுத்து! செகண்டுக்கு இருபத்தஞ்சு சுத்து. ரேடியன் இல்ல."

"மெல்லப் பேசு பிள்ளே. ஜன்னல் திறந்து கிடக்கு."

ஞாயிறு ஆராதனைக்குக் கட்டிய சேலையைக்கூட மாற்றாமல் சாப்பாட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் ஞானசௌந்தரி. எதிரே எட்மண்ட் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. தட்டுக்குப் பக்கத்தில் அந்தக் கணக்குத் தாள்.

உப்பல் பக்கம் ஒரு சர்க்கார் தொழிற்சாலையில் எட்மண்டுக்கு டிசைன் பிரிவில் வேலை. சுரங்கங்களுக்குக் காற்றடிக்கும் ராட்சத விசிறிகள் அங்கே தயாராகும். விசிறிச் சக்கரம் ஆடாமல் சுழல, ஓரத்தில் ஓர் இரும்புத் துண்டை எடைக்காக வைத்துத் திருகாணியால் இறுக்குவார்கள். திருகாணி எத்தனை பருமன் வேண்டும் என்று கணக்குப் போடுவது அவன். அதைச் சரிபார்ப்பது, ஆபீசில் யாருக்கும் தெரியாது, அவன் மனைவி. செகந்திராபாத்தில் பெண்கள் பள்ளியில் பிசிக்ஸ் டீச்சர். கல்யாணமான நாளிலிருந்து பழக்கம். அவன் தாளை வீட்டுக்குக் கொண்டுவருவான், அவள் மூலையில் சிவப்புப் பென்சிலால் ஒரு டிக் போடுவாள், அதற்கப்புறம்தான் நல்ல தாளில் எழுதி மேலே அனுப்புவான்.

போன மாதம் சோதனை ஓட்டத்தில் அந்த இரும்புத் துண்டு பிய்த்துக்கொண்டு பறந்தது. பக்கத்தில் நின்ற ஃபிட்டர் ஏனோக்கின் வலது முழங்கை நொறுங்கிவிட்டது. நாளைக்கு விசாரணை. ஏனோக் திருகாணியை ஒழுங்காக முறுக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்த முடிவு நின்றுவிட்டால் ஏனோக்கின் வேலை போய்விடும்.

வெள்ளிக்கிழமை பதினொன்றாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள் சௌந்தரி. நிமிஷத்துக்கு அறுநூறு சுற்று சுற்றும் சக்கரத்தின் கோண வேகம் என்ன என்ற கேள்விக்கு ஒரு பெண் 'பத்து' என்று எழுதியிருந்தாள். 'ரேடியன் எங்கே?' என்று எழுதிப் பெருக்கல் குறி போட்டவளுக்கு, எட்மண்டின் தாளில் தான் டிக் போட்ட இருபத்தைந்து ஞாபகம் வந்தது.

"யூனிட்டெல்லாம் பாத்துத்தான டிக் போட்டே? நியூட்டன்னு சரியாத்தான வந்துச்சு?" என்றான் எட்மண்ட்.

"வந்துச்சு. அதுலதான் ஏமாந்தேன்."

ஆரத்தின் நீளத்துக்கு வட்டத்தின் விளிம்பில் வளைத்து அளந்தால் மையத்தில் விழும் கோணம் ஒரு ரேடியன். நீளத்தை நீளத்தால் வகுத்தது, ஆகையால் அதற்கென்று அலகு மிஞ்சுவதில்லை. எழுதாமல் விட்டாலும் கணக்கு இடிக்காது. செகண்டுக்கு இருபத்தைந்து என்றால் சுற்றா ரேடியனா என்று தாள் சொல்லாது. விசையைக் கணக்கிட ரேடியன்தான் வேண்டும்; ஒரு சுற்றுக்கோ ஆறேகாலுக்கும் மேலே ரேடியன். வேகத்தை வேகத்தாலேயே பெருக்கும்போது விசை நாற்பது மடங்காகிவிடும். ஆறு கிலோ இழுப்புக்கென்று வைத்த திருகாணியை இருநூற்று நாற்பது கிலோ இழுத்திருக்கிறது.

"ஃபைல்லயும் இதே கணக்குத்தான் இருக்கு. எவனும் பாக்கல."

"பாக்கலைன்னா சரியாயிருமா? அந்த மனுசனுக்குக் கை போயிட்டு."

"எனக்குப் பதினாறு வருஷ சர்வீஸ் போயிரும். சரி, சொல்லுதேன். உன் டிக்கையும் சேத்துச் சொல்லட்டா? எம் பொண்டாட்டி ஸ்கூல் நோட்டுன்னு நெனச்சுத் திருத்திட்டான்னு?"

"சொல்லுங்க. நானே வந்து சொல்லுதேன்."

சொல்லிவிட்டாளே தவிர, குரல் பாதியிலேயே இறங்கியது அவளுக்கே கேட்டது. ஆபீஸ் தாளை வீட்டில் வைத்துத் திருத்திய டீச்சர் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பேசும். பேசட்டுமே என்று நினைக்கப் பார்த்தாள், முடியவில்லை.

வாசல் கேட் கிறீச்சிட்டது. ஏனோக்கின் மனைவி சாரா, கையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பிளாஸ்க் கூடையோடு வந்து நின்றாள்.

"ஸ்தோத்திரம் அண்ணாச்சி. சாப்பிடுத நேரத்துல வந்திட்டேன், மதினி."

"வா சாரா, உக்காரு." தாள் எப்போது தட்டுக்கு அடியில் போனது? தன் கைதான் தள்ளியிருக்கிறது என்பது சௌந்தரிக்கு அப்புறம்தான் உறைத்தது. "அவருக்கு எப்படி இருக்கு?"

"வலி தேவலை, மதினி. மனசுதான் சரியில்ல. மொதல்ல 'நல்லாத்தான் முறுக்குனேன், நல்லாத்தான் முறுக்குனேன்'னுக்கிட்டுக் கெடந்தாரு. இப்ப ரெண்டு நாளா 'ஒருவேள மறந்திருப்பேனோ சாரா'ங்காரு. சுவத்தப் பாத்துக்கிட்டு, இடது கையால ஸ்பேனரு பிடிச்ச மாதிரி திருகித் திருகிப் பாக்காரு."

எட்மண்ட் தட்டைத் தள்ளினான். தாளின் ஓரம் தெரிந்ததும் மறுபடி இழுத்துக்கொண்டான்.

"யூனியன் வேணுகோபால் சார் வந்திருந்தாரு, அண்ணாச்சி. 'எதுக்கு இம்புட்டு வம்பு? நக்கோ, வேண்டாம்பா, ஒத்துக்கிட்டு எழுதிக் குடு, எங்கயாச்சும் வாட்ச்மேனா போடச் சொல்லுதேன்'னாரு. எங்க வீட்டுக்காரரும் சரின்னுட்டாரு." கூடையிலிருந்து நாலாக மடித்த வெள்ளைத் தாளை எடுத்து மேஜைமேல் நீவி வைத்தாள். "இங்கிலீஷ்ல எழுதணுமாம். அவருக்குக் கை கட்டுல இருக்கு. 'எட்மண்டு அண்ணாச்சி எழுத்து அச்சு மாதிரி இருக்கும், அவங்கட்ட போ'ன்னு அவரேதான் அனுப்புனாரு. கைநாட்டு வச்சாப் போதுமாம்."

எட்மண்ட் மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள்.

எழுந்து கை கழுவிவிட்டு வந்தான். பேனா மூடியைத் திறந்தான். தேதி போட்டான். மேனேஜருக்கு என்று ஒரு வரி எழுதினான். அதற்குமேல் பேனா நகரவில்லை.

சாரா மேஜைமேல் குனிந்து, தனக்குப் படிக்கத் தெரியாத அந்த ஒற்றை வரியைப் பார்த்தாள்.

"தப்பு எம்மேலதான், நான் முறுக்க மறந்திட்டேன்னு வரணுமாம், அண்ணாச்சி... எழுதலையே? மதினி, நீங்க டீச்சர்தான, அதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்லணும்னு அண்ணாச்சிக்குச் சொல்லுங்களேன்."