பதினேழாம் மரத்தின் தோல்

அந்த ஆய்வகத்தில் அண்ணியும் நாத்தனாரும் ஒன்றாக வேலை பார்த்தார்கள். பனம்பழத்தைத் தோலுரித்து, சதையை உலர்த்திப் பொடியாக்குவது நாத்தனார். அந்தப் பொடியைக் கரைத்து வடிகட்டி, வீக்கம் குறைக்கும் கசப்புச் சத்து எத்தனை மில்லிகிராம் என்று கருவியில் அளப்பது அண்ணி. எதையும் மூன்று தடவை அளக்காமல் அவள் கையெழுத்துப் போடமாட்டாள். அதனால் அவளுக்கு ‘மறுபடி’ என்று பட்டப்பெயர். வைத்தது நாத்தனார்தான்.

நாற்பது மரங்களின் பழங்கள் வந்திருந்தன. பதினேழாம் மரத்தில் மட்டும் சத்து இல்லவே இல்லை என்கிற அளவுக்குக் குறைவு. அண்ணி கருவியைச் சரிபார்த்து நான்காவது தடவையும் அளந்தாள். அதே எண். அந்த மரத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம் என்றார் இயக்குநர். அவளுக்கு மனம் ஒப்பவில்லை. மூட்டை இறக்கியபோது அந்தப் பழத்தில் ஒரு விள்ளல் கிள்ளி வாயில் போட்டிருந்தாள். அரை நாள் நாக்கு கசந்தது.

மிச்சமிருந்த பழங்களை நாத்தனார் உரிக்கும்போது பக்கத்தில் போய் நின்றாள். மற்ற பழங்களின் தோல் இழுத்தால் கழன்றது. பதினேழு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. நாத்தனார் கத்தியை ஆழமாக விட்டு, விரல்கனச் சதையோடு சீவி வாளியில் போட்டாள்.

இதை எப்படிச் சொல்வது? போன மாதம் குழம்பில் உப்பு அதிகம் என்று சொன்னதற்கே இரண்டு நாள் பேச்சில்லை.

“அந்தத் தோலக் கொஞ்சம் குடேன். அளந்து பாக்கறேன்.”

“அடுத்தது வாளியையும் அளப்பீங்களா அண்ணி?”

அளந்தாள். திரையில் கோடு விர்ரென்று மேலே ஏறியது. மூன்று தடவையும் ஏறியது. தாளை எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் போகாமல் முதலில் நாத்தனாரிடம் வந்தாள்.

நாத்தனாரின் முகம் விழுந்துவிட்டது. “அப்ப மருந்தையெல்லாம் நான்தான் குப்பையில போட்டிருக்கேன்.”

“எவ்வளவு சீவணும்னு நான் எழுதித் தரல. தப்பு என்னுது.”

 நாத்தனார் கையைக் கழுவிக்கொண்டு, தானே இயக்குநர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் நாற்பதையும் திரும்பச் செய்யச் சொன்னார். கத்தி வேண்டாம், தோலின் உள்பக்கத்தைக் கரண்டியால் சுரண்டலாம் என்று வழி சொன்னவளும் அவள்தான். பதினேழாம் மரம் முதலிடத்துக்கு வந்தது. அறிக்கையில் இரண்டு பேர் பெயரையும் போட்டார் இயக்குநர்.

கடைசிப் பழத்தையும் முடித்த அன்று, மணிக்கட்டுவரை மஞ்சள் ஏறிய கைகளோடு இருவரும் பஸ் ஏறினார்கள். நடத்துநர் விரல் படாமல் டிக்கெட்டை நீட்டினார். இறங்கும்வரை இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.